பதினாறு இருக்கவேண்டிய போத்தலில் இரண்டு

சம்மதப் படிவத்தின் பதினோராம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு இப்படிச் சொல்கிறது: ஆய்வு நிறைவுற்று அறுபது நாட்களுக்குள், பங்குபற்றிய ஒவ்வொருவருக்கும் அவர் உட்கொண்டது மருந்துக் குளிசையா வெற்றுக் குளிசையா என்பது எழுத்தில் அறிவிக்கப்படும். மருந்துக் குளிசை உட்கொண்டவர் விரும்பினால், மேலும் ஒரு வருடத்துக்கு அது இலவசமாக வழங்கப்படும்.

அறுபது நாள் என்றால் வேலை நாளா, நாட்காட்டி நாளா என்று படிவம் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கடிதம் எழுதியவள் என்ற முறையில் நான் தாராளமாக நடந்துகொண்டேன். சனி, ஞாயிறு, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, பெருநாள் எல்லாவற்றையும் கழித்துவிட்டே எண்ணினேன். அப்படியும் அறுபதாவது நாள் வந்தது, வெறுங்கையோடு போனது. அதன்பிறகு மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். மூன்றின் பிரதிகளும் என் கோவையில் இருக்கின்றன. மறுமொழி வரும்வரை சும்மா இருக்க எனக்குத் தெரியாது; ஆகவே இதை எழுதத் தொடங்கினேன். நெஞ்சு நிறையச் சளியோடும் கையில் இலக்கத் துண்டோடும் கிளினிக்கின் நீள வாங்கில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது உதவக்கூடும்.

என் வருத்தத்தின் பெயர் சிஸ்டிக் பைப்ரோசிஸ். பிறக்கும்போதே கூட வருவது. அது எனக்கு இருப்பதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வயது அறுபத்தொன்று. அதுவரை அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. சின்ன வயதில் இழுப்பு என்றார்கள். பிறகு இரண்டு தடவை கசம், அதாவது காசநோய், என்றார்கள். இரண்டு தடவையும் ஆறு மாதம் குளிசை விழுங்கினேன், இரண்டு தடவையும் இருமல் அப்படியே இருந்தது. கச்சேரியில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘இருமல் மிஸ்’ என்று பெயர். அதில் ஒரு வசதியும் இருந்தது. நான் வருவது தூரத்திலேயே கேட்கும். என் பிரிவில் எல்லோரும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேலை செய்கிற மாதிரி இருப்பார்கள்.

நான் கல்யாணம் கட்டவில்லை. ஓய்வுபெற்ற பிறகு முத்தையன்கட்டில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். அத்தானின் குடும்பம் அவருடைய தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியது. இன்றைக்கும் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் செய்கிறார். அவருக்கும் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். அது சாதாரணச் சீனி வருத்தம். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

எங்கள் மாவட்டத்து நெஞ்சு கிளினிக்குக்குப் புதிதாக ஒரு டொக்டர் வந்தார். வயதைப் பார்த்தால் பள்ளிக்கூடச் சீருடையை நேற்றுத்தான் கழற்றியவர் போல இருந்தது. நான் ஒன்பது வயதிலிருந்து சேர்த்து வைத்த கிளினிக் துண்டுகள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோவையில் இட்டு அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு இடப்பெயர்விலும் நகையை மறந்தாலும் இந்தக் கோவையை நான் மறந்ததில்லை. அவர் அதை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். என் சேவைக் காலம் முழுவதிலும் ஒரு கோவையை முதல் பக்கத்திலிருந்து வாசித்த மனிதரை அன்றைக்குத்தான் கண்டேன். வெளியே வாங்கில் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். வாசித்து முடித்துவிட்டு, என் வேர்வை காய்ந்தால் தோலில் உப்புப் படியுமா என்று கேட்டார்.

நான் யோசிக்க முன்னம் அக்கா மறுமொழி சொன்னார்.

“டொக்டர், எங்கட அப்பா வளர்த்த மாடு இவளின்ரை கையை மட்டும்தான் நக்கும். எங்களைத் திரும்பியும் பாராது. நாங்கள் அது பாசம் எண்டெல்லோ நினைச்சம்.”

டொக்டர் சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார். மாடு நக்கிய விவரம் ஆங்கிலத்தில் என் மருத்துவக் கோவையில் இன்றும் இருக்கிறது.

வேர்வைச் சோதனைக்குக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. கையில் ஒரு சின்னப் பட்டையைக் கட்டி, எறும்பு ஊர்கிற அளவுக்கு மின்சாரம் விட்டு, அந்த இடத்தை மட்டும் வேர்க்க வைப்பார்கள். வருகிற வேர்வையைச் சேர்த்து உப்பை அளப்பார்கள். நோவில்லை. போகிற வழியில் பஸ்ஸில் அக்கா ஒரு யோசனை சொன்னார். வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிறோம். என்னுடைய வேர்வையை ஒரு போத்தலில் பிடித்துக் கொடுத்தால் தீர்த்தம் எடுக்கக் கடல் வரைக்கும் நடக்கிற அலைச்சல் மிச்சம் என்றார். முன் இருக்கையில் இருந்த யாரோ ஓர் அம்மா திரும்பி என்னைக் கும்பிடலாமா என்பதுபோலப் பார்த்தார்.

உப்பு அளவு எல்லைக்கு மேலே இருந்தது. இரத்தப் பரிசோதனை மிச்சத்தை உறுதிசெய்தது. விளக்கம் எளிது. உடம்பின் கலங்களுக்கு, அதாவது செல்களுக்கு, உப்பைப் போகவர விடுகிற ஒரு வாசல் இருக்கிறது. என்னுடைய வாசல்காரன் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் வெளியே வேர்வை உப்பாக இருக்கிறது, உள்ளே நீர் குறைந்து சளி பசை போலத் தடிக்கிறது. நெஞ்சில் அது இருமல். அம்மாவிடமிருந்து ஒரு பழுது, அப்பாவிடமிருந்து ஒரு பழுது, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வருத்தம். என்னுடையது இலேசான வகை என்றபடியால் அறுபது வயது வரை தாக்குப்பிடித்திருக்கிறேன். கடுமையான வகையோடு பிறக்கிற பிள்ளைகளை நினைத்தால் இருமல் மிஸ் என்ற பட்டம் ஒரு பதவி உயர்வு மாதிரி.

சளி அடைக்கிற இன்னோர் இடம் கணையம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் சதையி என்று படித்தோமே, அதுதான். இன்சுலினைச் செய்கிற கலங்கள் அங்கேதான் இருக்கின்றன. சுற்றியுள்ள குழாய்கள் அடைபட்டுத் தழும்பாகும்போது அந்தக் கலங்களும் மெல்ல மெல்லக் குறைகின்றன. இதனால் வருகிற நீரிழிவு அத்தானின் நீரிழிவும் அல்ல, சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற நீரிழிவும் அல்ல, தனி இனம். வெறுவயிற்றில் குத்திப் பார்த்தால் சீனி நல்ல பிள்ளையாக நிற்கும். சாப்பிட்ட பிறகுதான் மரத்தில் ஏறும். ஆகவே கிளினிக்கில் காலையில் விரலில் குத்திவிட்டு “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்றால் நம்பவேண்டாம். குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து இரண்டு மணித்தியாலம் இருந்து பார்க்கிற சோதனைதான் சரியானது. அதில் எனக்கு எல்லை தாண்டியிருந்தது.

அப்போது என் நிறை முப்பத்தெட்டுக் கிலோ. இந்த வருத்தக்காரருக்கு இன்சுலின் குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் நெஞ்சு தளரும். கொழும்பில் என்னைப் பார்த்த டொக்டர் நிரோஷா இதை மறைக்காமல் சொன்னார். அவர் சிங்களவர், வவுனியாவில் வேலை செய்த காலத்தில் தமிழ் பழகியவர், ஆகவே எங்களைப் போலவே கதைப்பார். இன்சுலின் ஊசி இருக்கிறது, தேவைப்பட்டால் போடலாம், அதில் வெட்கமோ பயமோ வேண்டாம் என்றார். ஆனால் அதற்கு முன்னம் வேறொன்று இருப்பதாகச் சொன்னார். இருக்கிற இன்சுலினைக் குறைந்துபோகாமல் காப்பாற்றுமா என்று ஒரு குளிசையைப் பல நாடுகளில் சோதிக்கிறார்கள், இங்கேயும் சிலரைச் சேர்க்கிறார்கள், ஆனால் அது இளம் ஆட்களுக்கானது என்று இழுத்தார்.

நான் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ‘பதினெட்டு வயது பூர்த்தியானவர்’ என்று இருந்தது. மேலெல்லை இல்லை. எனக்குப் பதினெட்டு வயது பூர்த்தியாகிச் சில காலம் ஆகிறது என்று சொன்னேன். டொக்டர் படிவத்தைத் திருப்பி வாசித்துவிட்டு, “ஓம் மிஸ், மேலெல்லை போடேல்லைத்தான்” என்றார். ஒரு கிழமையில் சேர்த்துக்கொண்டார்கள்.

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதேபோன்ற வெற்றுக் குளிசை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. போத்தலில் ஓர் இலக்கம் மட்டும்தான். யாருக்கும் ஒன்றும் தெரியாமல் வேலை நடப்பதை நான் அரச சேவையில் நிறையக் கண்டிருக்கிறேன். அதைத் திட்டமிட்டு, ஒரு நல்ல காரணத்துக்காகச் செய்வதை இங்கேதான் கண்டேன்.

தொடக்கத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்தார்கள். முதல் நாள் எக்ஸ்ரே, மூச்சூதும் சோதனை, நிறை. இரண்டாம் நாள் பெரிய சோதனை. காலையில் கையில் ஊசிக் குழாய் ஒன்றைப் பொருத்திவிட்டுக் குளுக்கோஸ் தண்ணீரைத் தந்தார்கள். தேசிக்காய் மணக்கிற இனிப்புப் பாணி. பிறகு அரை மணிக்கொரு தடவை இரத்தம் எடுத்தார்கள். அவர்கள் தேடியது சீ-பெப்டைட் என்கிற பொருளை. கணையம் இன்சுலினைச் செய்யும்போது ஒரு துண்டை வெட்டி எறிகிறது. அந்தத் துண்டுகளை அளந்தால் எவ்வளவு இன்சுலின் செய்தது என்று தெரியும். தாதி இதை விளக்க மூன்று விதமாக முயன்றார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை என்று நான் சொன்னதும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. என் அடிக்கட்டைகள் குறைவாகத்தான் இருந்தன. ஆனால் இருந்தன.

மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்தது. என் கட்டிலில் ‘நீரிழிவு’ என்று எழுதியிருந்தபடியால் எனக்கு அவித்த மரக்கறியும் சின்னக் கோப்பைச் சோறும் வந்தன. இந்த வருத்தக்காரர் நன்றாகச் சாப்பிடவேண்டும். கொழுப்பு வேண்டும், உப்பு வேண்டும், நிறை ஏறவேண்டும். இதைச் சாப்பாட்டு வண்டிக்காரருக்கு யார் சொல்வது? அவர் பட்டியலைக் காட்டினார், நான் டொக்டரின் குறிப்பைக் காட்டினேன். அவர் பட்டியலில் தேதி இல்லை, என்னுடையதில் தேதியும் கையொப்பமும் இருந்தன. முட்டையும் பருப்பும் கிடைத்தன. பக்கத்துக் கட்டில்காரிகள் மூன்று பேர் தங்கள் சாப்பாட்டுக்கும் மேன்முறையீடு எழுதித் தரும்படி கேட்டார்கள்.

வீட்டில்தான் சிக்கல். ஒரே குசினியில் ஒரே பெயருள்ள வருத்தத்துக்கு இரண்டு சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனக்குத் தேங்காய்ப்பாலில் புட்டு, முட்டை, நெய், மேலே உப்பு. அத்தானுக்குக் குரக்கன் ரொட்டியும் இலைக்கறியும். அவர் என் தட்டைப் பார்ப்பார், தன் தட்டைப் பார்ப்பார், ரொட்டியைப் பிய்ப்பார். ஒருநாள் மட்டும், “பிள்ளை, இந்த உன்ரை சீனி வருத்தத்துக்கு நானும் மாறேலாதோ?” என்று கேட்டார். அக்காவுக்கு இந்த ஏற்றத்தாழ்வு பிடிக்கவில்லை. இருவருக்கும் பரிமாறுகிற கை அவருடையதுதானே.

காலையில் அக்கா என் முதுகைத் தட்டுவார். சளி இளகி வர இப்படித் தட்டவேண்டும், கால் மணித்தியாலம். மணிக்கூடு பார்ப்பதில்லை; வானொலியில் செய்தி தொடங்கும்போது தொடங்கி, காலநிலை முடியும்போது நிறுத்துவார். நாட்டில் பிரச்சினை கூடிய நாட்களில் எனக்குச் சளி நன்றாகக் கழன்றது.

குளிசை நாளுக்கு ஒன்று. பன்னிரண்டு கிழமைக்கு ஒருமுறை கொழும்புக்குப் போகவேண்டும். எண்பத்துநான்கு நாளுக்கு நூறு குளிசை தருவார்கள். மீதி பதினாறையும் போத்தலோடு திருப்பிக் கொடுக்கவேண்டும். தாதி எண்ணிக் கையொப்பமிடுவார். முதல் தடவை அக்காவும் கூட வந்தார். திருப்பிக் கொடுத்த பதினாறையும் அழிப்பதற்கென்று ஒரு மஞ்சள் பையில் போட்டதைக் கண்டார். வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றியே கதைத்தார். நல்ல குளிசை, வெளிநாட்டுக் குளிசை, பதினாறு.

இரண்டாவது போத்தல் முடிகிற நேரம். மறுநாள் கொழும்புப் பயணம். பையை அடுக்கும்போது போத்தலைக் கவிழ்த்து எண்ணினேன். இரண்டு இருந்தது.

திரும்பவும் எண்ணினேன். இரண்டைத் திரும்ப எண்ணுவது அதிக நேரம் எடுக்கவில்லை. நான் ஒரு நாளும் விடவுமில்லை, கூட எடுக்கவுமில்லை. ஒவ்வொரு நாளும் கொப்பியில் அடையாளமிட்டிருக்கிறேன். குசினியில் அக்காவிடம் கேட்டேன்.

“அதுவோ,” என்றார் அக்கா, தேங்காய் துருவுவதை நிறுத்தாமல். “கொத்தானுக்குக் குடுத்தனான்.”

கிளினிக்கில் அத்தானின் குளிசை முடிந்துவிட்டது, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு கொடுத்திருந்தார்கள். நெல் அரிவி வெட்டு நேரம், ஒருவருக்கும் டவுனுக்குப் போக நேரமில்லை. அடுத்த கிளினிக்குக்குப் பதினான்கு நாள் இருந்தது. என் போத்தலில் கணக்குக்கு மேலே பதினாறு இருப்பது அக்காவுக்குத் தெரியும். நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு நாள் அத்தானுக்குக் கொடுத்திருக்கிறார்.

“உன்ரை பங்கில நான் கை வைக்கேல்லை,” என்றார். “அது மிச்சம். மிச்சத்தைக் குப்பையிலதானே போடுறாங்கள்?”

கோபப்பட எனக்கு உரிமை இருந்தது. ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும். போர் முடிந்து முகாமில் இருந்த மாதங்களில் ஒரு பங்கீட்டு அட்டைக்குத் தந்த பருப்பை இரண்டு குடும்பத்துக்குப் பிரித்த கை அது. ஒரு பக்கம் ஒரு கரண்டி கூடாது, ஒரு பக்கம் ஒரு கரண்டி குறையாது. ஒருவருடைய பெயருக்கு வந்த சாமான் வீட்டுக்கு வந்த சாமான். அந்தக் கணக்கில்தான் நாங்கள் மூன்று பேரும் அந்த மெனிக் பாம் முகாமிலிருந்து நடந்து வெளியே வந்தோம். அது மருந்து ஆய்வுக்குப் பொருந்தாது என்று அக்காவுக்கு யாரும் சுற்றுநிருபம் அனுப்பியிருக்கவில்லை.

ஆனால் படிவத்தில் இருந்தது: குளிசையை வேறொருவருக்குக் கொடுத்தால் ஆய்விலிருந்து நீக்கப்படலாம். அதைச் சொன்னபோதுதான் அக்கா துருவலையை விட்டு எழும்பினார். முகம் மாறிவிட்டது. கையைத் துடைத்துவிட்டு ஒரு தீர்வு சொன்னார்.

“எலி கொண்டுபோனதெண்டு எழுதன். கச்சேரியில நீ எழுதாத எலியோ?”

உண்மைதான். என் காலத்தில் எலி தின்ற அரிசி, எலி தின்ற படங்கு, ஒருமுறை எலி தின்ற தட்டச்சு இயந்திரத்தின் நாடா என எல்லாவற்றுக்கும் கையொப்பமிட்டிருக்கிறேன். ஓர் எலியையும் நேரில் விசாரித்ததில்லை. எலி அறிக்கையை எப்படி எழுதினால் ஒருவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு எழுதவும் உட்கார்ந்தேன். முதல் வரி முடிந்தும் விட்டது. எனக்கு அந்தக் குளிசை வேண்டும். என் அடிக்கட்டைகளை அது காக்கிறதோ இல்லையோ, காக்கலாம் என்ற நினைப்போடு ஆறு மாதம் நித்திரை கொண்டிருக்கிறேன்.

அத்தான் வயலிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, விஷயத்தைக் கேட்டார். “எலியை விடு. என்ரை பெயரை எழுது, பிள்ளை,” என்றார். “திண்டது நான்தானே. எனக்கு அது என்ன செய்ததெண்டு அவையும் பார்க்கவேணுமெல்லோ?” அதுதான் சரி. அறுபத்தொன்பது வயதுச் சீனி வருத்தக்காரர் ஒருவர் பெயர் தெரியாத குளிசையைப் பதினான்கு நாள் விழுங்கியிருக்கிறார்; அதை எலியின் கணக்கில் எழுதினால் அவரை யார் சோதிப்பது? முதல் வரியைக் கிழித்தேன்.

மறுநாள் அத்தான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். நான் ஒரு பக்க அறிக்கையை இரண்டு பிரதியாக டொக்டர் நிரோஷாவிடம் கொடுத்தேன். கீழே அத்தானின் சாட்சிக் கையொப்பம். டொக்டர் வாசிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பையா கோபத்தையா அடக்கினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அத்தானிடம், ஏதாவது செய்ததா ஐயா என்று கேட்டார்.

“ஒண்டும் செய்யேல்லை. சீனி நல்லா இறங்கினது,” என்றார் அத்தான். “இன்னும் கொஞ்சம் இருக்கோ?”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தானிடம் இரத்தம் எடுத்தார்கள், பழுதொன்றும் இல்லை. ஆனால் இதை மேலே அறிவிக்கவேண்டும் என்றார் டொக்டர், முடிவு வரும்வரை புதிய போத்தல் தரமுடியாது. வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தோம். அந்த நாட்கள்தான் இந்த வருத்தத்தில் எனக்கு மிகக் கடுமையானவை. ஊசி குத்தவில்லை, இரத்தம் எடுக்கவில்லை. காலையில் கோப்பையில் தண்ணீரை எடுத்துவிட்டு, விழுங்க ஒன்றுமில்லாமல் நின்றேன். அக்கா கதைப்பதை நிறுத்திவிட்டார். செய்தி முடிந்து, காலநிலை முடிந்து, விளம்பரங்களும் முடியும்வரை முதுகைத் தட்டினார். மூன்றாம் நாள் தட்டிக்கொண்டே, போத்தல் திரும்பி வந்தால் வற்றாப்பளையில் பொங்குகிறேன் என்று நேர்ந்துவிட்டதாகச் சொன்னார். நான், அம்மனுக்கு ஆய்வுக் குழுவில் அங்கத்துவம் உண்டா என்று கேட்டேன். “உன்ரை வாய்க்குத்தான் முதல்ல ஊசி போடவேணும்,” என்றார். அதோடு நாங்கள் திரும்பவும் கதைக்கத் தொடங்கினோம்.

பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. நான் ஒரு நாள் குளிசையும் தவறவிடவில்லை, நாங்களாகவே உண்மையைச் சொன்னோம், ஆகவே தொடரலாம். இந்தப் பத்து நாள் இடைவெளியைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு நிபந்தனை: போத்தலைப் பூட்டி வைக்கவேண்டும். அலுமாரியில் பூட்டினேன். திறப்பை அக்காவிடமே கொடுத்தேன். அது பாதுகாப்பு ஒழுங்குக்கு முற்றிலும் மாறானது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அத்தானை நான் விடவில்லை. அந்தப் பதினான்கு நாளும் தனக்குச் சீனி இறங்கியது, உடம்பு இலேசாக இருந்தது என்று அவர் வயல் கூட்டத்தில், கடையில், செத்த வீட்டில்கூடச் சொன்னார். நான் உறுதியாக இருந்தேன்: எனக்குக் கிடைத்தது வெற்றுக் குளிசை, வெறும் சுண்ணாம்பு. தலையிடி வரலாம், வயிற்றைப் பிரட்டலாம் என்று படிவத்தில் எழுதியிருந்த ஒன்றும் எனக்கு வரவில்லை. தவிர, அரசாங்கம் எதைப் பங்கிட்டாலும் என் பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். “அத்தானுக்குச் சுண்ணாம்பே போதும்,” என்று அவர் சொன்ன இடத்திலெல்லாம் நானும் சொன்னேன். “தலையிடிக்கு நெற்றியில பூசுறதுக்குப் பதிலா விழுங்கிப்போட்டார், சீனி இறங்கியிட்டுது.” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார். அதை நான் கவனித்தும் கவனிக்காதவள் போல இருந்தேன்.

ஒரு வருடம் முடிந்ததும் கடைசிச் சோதனை. அதே வாட்டு, அதே தேசிக்காய்ப் பாணி. பெறுபேறு வந்தபோது டொக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். தொடக்கத்தில் இருந்த அடிக்கட்டைகள் அப்படியே இருந்தன. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. நிறை நாற்பத்திரண்டு. ஊசி இப்போதைக்குத் தேவையில்லை. ஒருவரை வைத்து ஒரு குளிசை நல்லதென்று சொல்லமுடியாது, நன்றாகச் சாப்பிட்டதாலும் இருக்கலாம், தானாகவே நின்றிருக்கவும் கூடும், எல்லோருடைய பெறுபேறும் சேர்ந்தால்தான் தெரியும் என்றார். வெளியே வாங்கில் இருந்த அக்காவிடம், குறையவில்லையாம் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து புட்டுப் பொதியை எடுத்துத் தந்தார். வாங்கிலேயே இருந்து இருவரும் அதைச் சாப்பிட்டு முடித்தோம்.

அன்றையிலிருந்துதான் நான் தொடக்கத்தில் சொன்ன அறுபது நாள். குளிசை நின்றுவிட்டது. மறுமொழியில் ‘மருந்து’ என்றிருந்தால் அது ஒரு வருடத்துக்குத் திரும்பி வரும். ‘வெற்று’ என்றிருந்தால் என் கணையம் தன் சொந்தப் பொறுப்பில் நின்றிருக்கிறது, இனியும் நிற்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. வாயால் சுண்ணாம்பு, சுண்ணாம்பு என்று சொல்லிக்கொண்டே தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஒவ்வொரு நாளும் படலைக்குப் போனேன். நினைவூட்டல் ஒன்று. நினைவூட்டல் இரண்டு. மூன்றாவதில் ‘வருந்துகிறேன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினேன்; அது எங்கள் வழக்கத்தில் கடுமையான சொல்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். மறுமொழி வந்துவிட்டது.

அக்கா நேர்த்திப்படி வற்றாப்பளையில் பொங்கிவிட்டு வந்து அசந்து படுத்திருந்தார். அத்தான் முற்றத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் கடிதத்தைப் படலையடியிலேயே உடைத்தேன். மூன்று மொழியில் இருந்தது, ஆகவே மூன்று தடவை வாசித்தேன். என் இலக்கப் போத்தலில் இருந்தது மருந்துக் குளிசை. விரும்பினால் ஒரு வருடத்துக்கு வழங்கப்படும். அடியில் டொக்டர் நிரோஷாவின் கையெழுத்தில் ஒரு வரி: இம்முறை சரியாக எண்பத்துநான்கு மட்டுமே தரப்படும்.

அத்தானுக்கு முன்னால் போய் நின்று வாசித்துக் காட்டினேன். அவர் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு, மன்னிக்கவேணும் அத்தான் என்றேன். முப்பத்தைந்து வருட சேவையில் ஒருவரிடமும் சொல்லாத வசனம் அது. அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

“எழுத்தில தா, பிள்ளை,” என்றார்.

நியாயமான கோரிக்கை. தருகிறேன். அத்தான் விழுங்கியது சுண்ணாம்பு அல்ல, மருந்து. அவருக்குச் சீனி இறங்கியது என்று அவர் சொன்னது நம்பத்தக்கது. இதற்கு மாறாக நான் வயல் கூட்டத்திலும் கடையிலும் செத்த வீட்டிலும் சொன்ன அனைத்தையும் இத்தால் மீளப் பெறுகிறேன். இது எனக்கு மறுமொழி கிடைத்த நாளிலிருந்து செல்லுபடியாகும்: வற்றாப்பளைப் பொங்கலுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணி.